பால் பொங்கிய நூலகம்

எங்கள் கல்லூரியில் என் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், ஒரு பக்கம் மக்காச்சோளக் காடு, மறுபக்கம் நாள் முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி என்று இருக்கிற சின்னக் கல்லூரி அது. நான் அங்கே நூலகர். தாளாளரில் தொடங்கி கேண்டீன்காரர் வரைக்கும் எல்லோரும் என்னை ‘லைப்ரரி’ என்றுதான் சொல்வார்கள். “லைப்ரரி சாப்ட்டுச்சா?” “லைப்ரரிக்கு சளி புடிச்சிருக்காம்.” அதனால் லைப்ரரியைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று தாளாளர் கூட்டத்தில் அறிவித்தபோது, என் வழுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். அங்கேயும் வேலை நிறையத்தான் இருந்தது.

அப்போது நூலகம் என்பது ஒரு நீள அறை. பூட்டிய இரும்பு பீரோக்கள். பீரோக்களுக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை கேட்பதுபோல் வரிசையில் நின்று புத்தகம் கேட்பார்கள். லாரித் தூசி ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். என்னோடு வேலை செய்த அட்டெண்டர் அக்கா காலையில் துடைப்பார், மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும். ஓடுகிற ஃபேன் ஒன்றே ஒன்று. அதுவும் மூலையில்.

அந்த மூலையில்தான் அந்தப் பெண் உட்காருவாள். மூன்றாம் வருடம், வரலாறு. கல்லூரி முடிந்து எல்லாப் பிள்ளைகளும் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடும்போது இவள் மட்டும் ஓட மாட்டாள். நான் கதவைச் சாத்தும்வரை அங்கேயே படித்துவிட்டு, பிறகு ரோட்டுக்குப் போய் டவுன் பஸ் பிடிப்பாள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அரியலூரைத் தாண்டி அவள் ஊர். வீட்டில் ஒரே அறை, அதில் டிவி, டிவிக்கு முன்னால் ஆறு பேர். ஒருநாள் நான் வேடிக்கையாகக் கேட்டேன்: “ஏம்மா, எங்க ஃபேன் மேல ஒனக்கு என்ன அவ்ளோ பாசம்?”

அவள் சிரிக்காமல் சொன்னாள்: “அத்தை மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு சார். எங்கம்மா முடிவு பண்ணிட்டாங்க. நான் அழுது பொரண்டு இந்த ஒரு எக்ஸாம் எழுதற வரைக்கும் டயம் வாங்கிருக்கேன். பாஸானா வேலைக்குப் போவேன். இல்லன்னா திருப்பூர்.”

நான் எழுந்துபோய் அந்த ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

புதுப்பிக்கும் வேலைக்கு முன்பு நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, ‘நூலகத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்? எழுதிப் போடுங்கள்’ என்று ஒட்டினேன். படிக்கிறவர்களைக் கேட்டுத்தான் நூலகத்தை மாற்ற வேண்டும் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே வாக்கியம் அது. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ‘ஃபேன்’. சிலர் ‘வைஃபை’. ஒருவன் ‘வறுத்த கடலை’. இன்னொருவன் ‘லைப்ரரி சார் பாடுவதை நிறுத்தினால் போதும்’ என்று எழுதியிருந்தான். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். பாடுவதை நிறுத்தவில்லை.

அவள் சீட்டில் பெயர் போடாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. ‘சாயங்காலம் கடைசி பஸ் வரை கதவைத் திறந்து வைத்தால் போதும் சார்.’ அவ்வளவுதான்.

அதை மட்டும் செய்திருந்தால் ஒரு பைசா செலவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கலைஞன் இருந்தான். பீரோக்களை எடுத்துவிட்டுத் திறந்த அலமாரி, பிள்ளைகளே கையால் எடுத்துப் பார்க்கலாம். வட்ட மேசைகள். மேசைக்கு நடுவிலேயே குழி வெட்டிப் பதித்த, போன் சார்ஜ் போடும் பிளக்குகள். தூசி வராமல் கண்ணாடி ஜன்னல். தலைக்கு ஒரு ஃபேன். தாளாளர் சென்னையில் பேரனின் பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால், நான் எதைச் சொன்னாலும் “போடு, போடு” என்றார். வேலையைத் தம் மச்சானிடம் கொடுத்தார். மச்சான் அதுவரை கல்யாண மண்டபங்கள் மட்டுமே கட்டியவர். அதனால் எங்கள் நூலகத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு வளைவு கிடைத்தது. அதன் அடியில் என் மேசை. நான் அங்கே உட்கார்ந்தால் மாலை மட்டும்தான் குறை.

கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. அவள் மூன்றாம் வருடத்தை முடித்துவிட்டாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள்.

“சார், இனிமே நான் இங்க ஸ்டூடண்ட் இல்ல. வரலாமா?”

“எக்ஸாம் எப்ப?”

“ஆடில சார்.”

“ஆனி பொறக்கறதுக்குள்ள லைப்ரரி ரெடி. ஒனக்குன்னு ஒரு ஃபேன், ஒனக்குன்னு ஒரு பிளக்கு. நீ வந்து உக்காரு. எவன் கேட்டாலும் லைப்ரரி சொன்னாருன்னு சொல்லு.”

அதுவரை புத்தகங்களை எடுத்து வைக்கச் சாக்கு வேண்டியிருந்தது. தாளாளரின் கிடங்கிலிருந்து சின்ன வெங்காயச் சாக்குகள் வந்தன. அத்தனை புத்தகங்களையும் வெங்காயச் சாக்கில் கட்டி சைக்கிள் ஷெட்டில் அடுக்கினோம். சுற்று வட்டாரம் முழுக்க சின்ன வெங்காயம் விளைகிற பூமி, வாசனை எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் சோழர் வரலாற்றைப் பிரித்தால் கண்ணில் நீர் வரும் என்று நான் நினைத்ததில்லை. அவள் மே மாத வெயிலில் அந்த ஷெட்டில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். அட்டெண்டர் அக்கா விசிறிக்கொள்ள அட்டை கொடுத்தார்.

“ஏம்மா இப்புடி வேவுற? வூட்லயே கெடந்து படிக்கக் கூடாதா?” என்று அக்கா கேட்டார்.

“வூட்ல இருந்தா மாவாட்டச் சொல்லுவாங்க அக்கா. இங்க வெங்காயம் மட்டும்தான்.”

“வந்துரும்மா, இதோ முடிஞ்சிரும்” என்று நான் தினமும் சொன்னேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் நிறுத்துகிறவன் சொல்வானே, அதே குரலில்.

முடிந்தும் விட்டது, அதுதான் ஆச்சரியம். ஆனி பாதியில் எல்லாம் தயார். அலமாரியில் புத்தகம் ஏறிவிட்டது. புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் கவர் மினுமினுத்தது. நான் ஒரு காலைப் பொழுது முழுக்க ஃபேன்களைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து விளையாடினேன். அப்போது வாசல் சுவரில் மச்சானின் ஆட்கள் ஒரு பளிங்குக் கல்லைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய அதிகாரியின் பெயர், ‘அவர்களால் திறந்து வைக்கப்பட்டது’ என்று, தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

“சார், பிள்ளைங்கள நாளைலேர்ந்து உள்ள விட்டுரலாமா?” என்று தாளாளரிடம் கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “யோவ் லைப்ரரி, கல்லு வச்சாச்சுல்ல? அவரு வந்து ரிப்பன் வெட்டாம ஒருத்தன் காலு வச்சான்னா அவருக்கு என்னய்யா மரியாதை? சாப்பாட்டுல மொத வாய நாம எடுத்துட்டு அப்பறம் எலைல போடறதா?”

“அவரு எப்ப வராரு சார்?”

“கேட்டுருக்கோம். தேதி குடுப்பாங்க.”

தேதி கொடுக்கவில்லை. அதிகாரிக்கு மீட்டிங், அப்புறம் மந்திரி வருகை, அப்புறம் காய்ச்சல். ஆனி தேய்ந்துகொண்டே போனது. ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் எதையும் திறக்க மாட்டார்கள். ஆவணி வரை அசையாது. அவளுடைய தேர்வு ஆடியில். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து ஃபேன்கள் சும்மா தொங்க, இந்தப் பக்கம் காலியாகிவிட்ட சைக்கிள் ஷெட்டில் அவள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். மழை தூறினால் புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுவாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு புது நாற்காலியில் இருந்தேன். நாற்காலி நன்றாகச் சுழலும். சுற்றியபடியே யோசித்ததில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளுக்கு இந்தக் குணம் உண்டு, நான் சுற்றும்போதுதான் வரும்.

புது வீடு கட்டினால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மண்டபம் கிடைக்கவில்லை, சொந்தக்காரர்கள் துபாயிலிருந்து வரவில்லை என்றால், நல்ல நாள் பார்த்துப் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் குடி போய்விடுகிறார்கள். விழாவைப் பிறகு வைத்துக்கொள்கிறார்கள். பால் காய்ச்சியதை யாரும் திறப்பு விழா என்று கணக்கில் வைப்பதில்லை. குற்றமும் இல்லை.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைச் சொறிந்தார். “நம்ம ரைஸ் மில்லுக்குக்கூட அப்புடித்தான் பண்ணோம். பாலு காய்ச்சி ஓட்ட ஆரம்பிச்சு, மூணு மாசம் கழிச்சுதான் வெளா வச்சோம்” என்றார். “சரிய்யா. நீ சொல்றதும் நாயம்தான். காய்ச்சிரு. நானும் வரேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக என் யோசனை ஒன்றை ஒரு பெரிய மனிதர் நியாயம் என்றார். ஓடிப்போய் ஷெட்டில் அவளிடம் சொன்னேன். “வர்ற வெள்ளிக்கெழம பாலு. பாலு முடிஞ்ச அடுத்த நிமிஷம் நீ உள்ள.” அவள் எழுந்து நின்று சுடிதாரில் ஒட்டிய சாக்குத் தும்பைத் தட்டிவிட்டாள். “நெசமாவா சார்?” என்று மட்டும் கேட்டாள். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் கையில் இருந்தது. “இருக்கற நாள்ல நான் மூணு பாடத்த முடிச்சிருவேன் சார்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் நூலகத்துக்குள் கூடினோம். தாளாளர், மச்சான், அட்டெண்டர் அக்கா, நான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் புத்தகப் பையோடு நின்றாள். கேஸ் அடுப்பு கொண்டுவந்தால் புத்தகம் பற்றிக்கொள்ளும் என்று நானே மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தடுத்து, ஹாஸ்டலிலிருந்து கம்பிச் சுருள் வைத்த கரண்ட் அடுப்பை வாங்கி வந்திருந்தேன். நடுவில் இருந்த மேசையின் மேற்கு ஓரத்தில் அதை வைத்து, குங்குமம் வைத்து, பால் சட்டியை ஏற்றினோம்.

“கெழக்கால பாத்துப் பொங்கணும் சார்” என்றார் அக்கா. “கெழக்கால பொங்குனாதான் வெளங்கும்.”

“பொங்க வச்சிருவோம்” என்று நான் சொன்னேன். பால் தன் இஷ்டத்துக்குப் பொங்கினால் என்ன செய்வது? அலமாரிக்குப் போய் ஒரு தடித்த அகராதியை எடுத்துவந்து அடுப்பின் மேற்குப் பக்கக் காலுக்கு அடியில் கொடுத்தேன். சட்டி கிழக்கே சாய்ந்தது. புது நூலகத்தில் முதன்முதலாகப் பயன்பட்ட புத்தகம் அதுதான். தாளாளர்கூட “பரவால்லயே, மூளை இருக்கே” என்றார்.

பால் பொங்கியது. சுத்தமாக, மங்களகரமாக, நேர்க் கிழக்கே பொங்கியது. அக்கா குலவை இட்டார். நான் கை தட்டினேன். பொங்கிய பால் மேசையில் ஓடி, கிழக்கே நான் ஆசை ஆசையாகக் குழி வெட்டிப் பதிக்கச் சொன்ன அந்த சார்ஜ் பிளக்குகளுக்குள் மொத்தமாக இறங்கியது.

‘டப்’ என்று ஒரு சத்தம். நீல நிறத்தில் ஒரு வெளிச்சம். எல்லா ஃபேனும் ஒன்றாக நின்றன. மேசைக்கு நடுவிலிருந்து பால் கருகிய புகை எழுந்தது. தேக்குப் பலகை என்று மச்சான் சொல்லியிருந்த மேசை எங்கள் கண் முன்னாலேயே உப்பத் தொடங்கியது. தேக்கு உப்பாது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைதான் அப்படி உப்பும். எல்லோரும் மச்சானைப் பார்த்தோம். மச்சான் என்னைப் பார்த்தார்.

“நான் அப்பவே சொன்னேன் மாமா, இந்தாளு வெளையாட்டு ஆளுன்னு” என்றார்.

தாளாளர் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வேணாம். சகுனம் சரியில்ல. பெரிய மனுசன் பேர கல்லுல போட்டுட்டு, அவரு வர்றதுக்கு முன்னாடி நாம முந்துனோம் பாரு, அதான். பூட்டு. சாவிய எங்கிட்ட குடு.” வாசலில் நின்றவளை அப்போதுதான் கவனித்தார். “இது யாரு? எந்த டிபார்ட்மெண்ட்டு?”

“முடிச்ச பொண்ணு சார்... படிக்கறதுக்கு...” என்று இழுத்தேன்.

“முடிச்சவங்களுக்கெல்லாம் இங்க என்ன வேலை? ஷெட்லயும் யாரையும் உக்கார வைக்காத. இனிமே வயரிங் வேல நடக்கும், எதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது?”

நான் சாவியைக் கொடுத்தேன். ஒரு நல்ல நூலகர் அந்த இடத்தில் ஏதாவது பேசியிருப்பார். நான் வாயைத் திறந்தேன், “பாலு கொஞ்சம் மிச்சம் இருக்கு சார், டீ போட்டுரலாமா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவள் செருப்பு இல்லை.

ஆடி பிறந்தது. ஒரு சாயங்காலம் விருத்தாசலம் போக அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். முதல் பிளாட்பாரத்தில் ஃபேனுக்குக் கீழே இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், காதில் பஞ்சு.

“எங்கம்மா போற?” என்று கேட்டேன்.

பஞ்சை எடுத்தாள். “எங்கயும் போகல சார். பிளாட்பாரம் டிக்கெட்டு எடுத்துட்டு உக்காந்துருக்கேன். ஃபேன் ஓடுது. லைட்டு இருக்கு. ரயில் வந்தாதான் கொஞ்சம் சத்தம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “டிக்கெட்டு டயம் முடிஞ்சா எந்திரிச்சுப் போகச் சொல்லுவாங்க. ஒருத்தரு ஒரு மாதிரி பாக்கறாரு, அதுக்கு எடம் மாத்தி உக்காந்துக்குவேன்” என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “நம்ம லைப்ரரிய விட இதுதான்மா பெருசு” என்றேன். அவள் ‘ஆமா சார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஞ்சை மறுபடியும் வைத்துக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது. பெஞ்ச் அதிர்ந்தது. அவள் ஒரு விரலால் படித்துக்கொண்டிருந்த வரியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ரயில் முழுக்கப் போகும்வரை.

தேர்வும் ஆடியிலேயே முடிந்தது.

ஆவணியில் அதிகாரி தேதி கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பஸ் ஓடாது, பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது ரிப்பன், தட்டு, கத்தரிக்கோல் எல்லாம் தயாரான பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. தாளாளர் வியர்த்துப்போய் என்னிடம் வந்தார். “யோவ் லைப்ரரி, அவரு உள்ள வரப்ப ஒருத்தராச்சும் உக்காந்து படிக்கணும்யா. போட்டோவுல காலிச் சேரா வந்தா நல்லாவா இருக்கும்? யாரயாச்சும் புடி.”

அந்த நேரத்தில் அவள் வந்தாள். அக்காவும் நானும் அன்று கல்லூரியில்தான் இருப்போமா என்று அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. அக்காவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

“ரிசல்ட்டு இன்னும் வரலியேம்மா” என்றேன்.

“ஆன்சர் கீ போட்டு பாத்துட்டேன் சார். வராது. மூணு பாடம் தொடவே இல்ல.” பிறகு, “வந்துருங்க சார். அக்காவையும் கூட்டிட்டு வாங்க. திருப்பூர்ல இல்ல, நம்மூர்லதான் கல்யாணம்” என்றாள்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாளாளர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினார். நான் எப்படிக் கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. கேட்டேன்.

“எந்தப் பொஸ்தகம் சார்?” என்றாள்.

“எதுனாலும்.”

பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். ஓரத்தில் பால் கறை படிந்து காய்ந்திருந்த அந்த அகராதி. தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. ரிப்பன் வெட்டினார்கள். பளிச் பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள். அதிகாரி அவள் அருகே நின்று, “என்னம்மா படிக்கிறே?” என்று அன்பாகக் கேட்டார்.

“சும்மா உக்காந்திருக்கேன் சார்” என்றாள்.

அவர் சிரித்து, “நல்ல பொண்ணு” என்று சொல்லிவிட்டுக் கேசரி சாப்பிடப் போனார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை ஃபேனுக்குக் கீழே அப்படியே இருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் பிளாஸ்டிக் கவரை நகத்தால் கீறி, நீளமாக, மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோல் மாதிரி. நான் ரோஸ் வளைவுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு “போயிட்டு வரேன் சார்” என்றாள். போனாள்.

சாயங்காலம் தாளாளர் மேற்பார்வைக்கு வந்தார். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“புது சேரு. கவர எவன்யா கிழிச்சது?”

“எலி சார்” என்றேன்.

அவர் அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அலமாரி, மேசை, கண்ணாடி ஜன்னல், ஃபேன்.

“அப்ப ஒண்ணு பண்ணு. எலி இருக்குல்ல? பிள்ளைங்க போனதும் கதவ அடச்சுரு. சாயங்காலம் தெறந்தே வைக்காத.”

“சரிங்க சார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இன்றுவரை அப்படித்தான் சாத்துகிறேன்.